500 டாலர் ஏஆர்-15, 2,000 டாலர் ஏஆர்-15: நடுவில் உள்ள பணம் எங்கே போகிறது?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு ஏஆர்-15 ரைஃபிள்களைப் பார்த்தால், பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கறுப்பு அலுமினிய உடல், 16 அங்குலக் குழல், இழுத்து நீட்டிக்கொள்ளும் தோள்கட்டை, தோட்டா அடுக்கும் ஒரே மேகசின், ஒரே தோட்டா. விலைச் சீட்டில் மட்டும் ஒன்றில் 550 டாலர், மற்றதில் 2,000 டாலர். ஏன் என்று கடைக்காரரைக் கேட்டால் 'தரம்' என்பார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த 1,450 டாலரில் கொஞ்சம் எஃகுக்கும், கொஞ்சம் சோதனைக்கும் போகிறது. கணிசமான பங்கு பெயருக்கும் ஆசைக்கும் போகிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

இந்த வகைத் துப்பாக்கிகளை 'நவீன விளையாட்டு ரைஃபிள்' என்று சொல்லும் வழக்கத்தை 2009 வாக்கில் பரப்பியது அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கம். எதிர்ப்பவர்கள் வேறு பெயர் சொல்வார்கள். 1990-க்குப் பிறகு 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் சந்தைக்கு வந்திருக்கின்றன என்பது அதே சங்கத்தின் கணக்கு. பெயர்ச் சண்டை எப்படியோ போகட்டும், இத்தனை கோடி விற்ற ஒரு பொருளின் விலை நான்கு மடங்கு வித்தியாசப்படுவது எதனால் என்பது சுவையான கேள்வி.

பழைய விலை ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஆர்மலைட் என்ற சின்ன நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950-களில் உருவாக்கிய இந்தத் துப்பாக்கியின் உரிமையை 1959-இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. ராணுவத்துக்குப் போனது எம்16 ஆனது. பொதுமக்களுக்கு 1964-இல் 'ஏஆர்-15 ஸ்போர்ட்டர்' என்ற பெயரில் வந்தது. அன்றைய விளம்பரத்தில் விலை 189 டாலர் 50 சென்ட். அதற்குப் பிறகு அமெரிக்காவில் விலைவாசி ஏறத்தாழ பத்து மடங்கு ஏறியிருக்கிறது. ஆக, இன்றைய பணத்தில் அது கிட்டத்தட்ட 1,900 டாலர். இன்று கடையில் 'உயர்தரம்' என்று மாட்டியிருக்கும் துப்பாக்கியின் விலைதான் அன்று சாதாரண மாடலின் விலை. இன்றைய 500 டாலர் துப்பாக்கியை 1964-க்குக் கொண்டுபோனால் 50 டாலர்தான் ஆகும். அந்த விலைக்கு அன்று கோல்ட் நிறுவனம் கதவைக்கூடத் திறந்திருக்காது.

எனவே புதுத் துப்பாக்கிகளின் விலை ஏறிவிட்டது என்று புலம்புவது பாதி சரி, பாதி தப்பு. மேல்தட்டு அதே இடத்தில் நிற்கிறது. தரைதான் கீழே இறங்கியிருக்கிறது.

தரை எப்படி இறங்கியது

1977-இல் கோல்ட்டின் காப்புரிமை முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. ராணுவத்துக்காக எழுதப்பட்ட அளவுகள் ஏற்கெனவே இருந்ததால், எல்லோரும் அந்த அளவை ஒட்டியே செய்தார்கள். ஒருவர் செய்த மேல்பாகம் இன்னொருவர் செய்த கீழ்பாகத்தில் பொருந்தும். டெக்சாஸில் வாங்கிய டிரிகரை விஸ்கான்சினில் செய்த துப்பாக்கியில் மாட்டலாம். உதிரிபாகம் வாங்கி வீட்டில் கோத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் மாதிரிதான் இது: பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பவற்றைச் செய்தவர்கள் வேறு நாலு பேர்.

இது வெறும் பேச்சு இல்லை. துப்பாக்கியின் உடல் 7075 டி6 என்ற விமானத்தர அலுமினியத்தைச் சூடாக்கி அச்சில் அடித்துச் செய்யப்படுகிறது. இந்த அடிப்பு வேலையைச் செய்யும் பட்டறைகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. செர்ரோ ஃபோர்ஜ், ஆங்கர் ஹார்வி போன்ற அந்தச் சில இடங்களிலிருந்து வரும் கச்சா உடலைத்தான் டஜன் கணக்கான பிராண்டுகள் வாங்கிக் கடைந்து, மேலே கறுப்புப் பூச்சேற்றி, தங்கள் சின்னத்தைப் பொறிக்கின்றன. உடலின் பக்கவாட்டில் உள்ள குட்டிச் சாவித்துவாரக் குறியைப் பார்த்தாலே அது செர்ரோவில் அடித்தது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். 600 டாலர் துப்பாக்கியிலும் அந்தக் குறி இருக்கும், 1,500 டாலர் துப்பாக்கியிலும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அடித்துச் செய்யாமல், முழு அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்யும் உடல்களும் உண்டு. கூர்மையான கோடுகளும் பளபளப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூட. ஆனால் வலிமையில் அடித்துச் செய்ததைவிட உயர்ந்தது இல்லை. பட்டறையில் அடிபடும்போது உலோகத்தின் இழை அந்த வடிவத்தோடு சேர்ந்து வளைகிறது, கட்டியைக் குடையும்போது இழை அறுபடுகிறது. கூடக் காசு கொடுத்து, அழகைத் தவிர எதுவும் கூடாமல் வாங்கும் இடம் இது.

அதோடு கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரங்கள் வந்தன. 2008-இல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் தொடங்கிய பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி போன்ற நிறுவனங்கள் இடைத்தரகர் இல்லாமல் இணையத்தில் நேரடியாக விற்க ஆரம்பித்தன. ஸ்மித் அண்ட் வெசன், ரூகர் போன்ற பெரியவர்கள் லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். போட்டி இப்படி இருந்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்?

ராணுவம் என்ன விலை கொடுக்கிறது

'ராணுவத் தரம்' என்பது துப்பாக்கி விளம்பரங்களில் தேய்ந்துபோன சொல். சரி, ராணுவமே என்ன விலைக்கு வாங்கியது என்று பார்த்தால்? 2013-இல், எம்16-இன் குட்டை வடிவமான எம்4 துப்பாக்கிக்கான ஒப்பந்தத்தை அமெரிக்க ராணுவம் கோல்ட்டிடமிருந்து எடுத்து எஃப்என் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1,20,000 துப்பாக்கிகள் வரை, மொத்தம் 7 கோடியே 69 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒன்று சுமார் 640 டாலர். ஒவ்வொரு போல்ட்டும் சோதிக்கப்பட்டு, அரசாங்க ஆய்வாளர் பார்த்து ஏற்றுக்கொண்ட துப்பாக்கிக்கு இந்த விலை. கடைக்காரர் கமிஷன் இல்லை, விளம்பரம் இல்லை, மொத்தக் கொள்முதல் என்பதெல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் நல்ல ஏஆர் ஒன்றைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. அந்த ஒப்பந்தத்தை இழந்த கோல்ட் இரண்டே வருடத்தில் திவால் மனு போட்டது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2019 பிப்ரவரியில் இந்திய ராணுவம் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக்716 ரைஃபிள்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஸ்டோனரின் பெரிய துப்பாக்கியான ஏஆர்-10 வழியில் வந்த, 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி. ஒப்பந்தம் 700 கோடி ரூபாய்க்குள். ஒன்று ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, அன்றைய மாற்று விகிதத்தில் 1,300 டாலரை ஒட்டி. தோட்டாவும் பெரிது, இயந்திரமும் பெரிது என்பதால் எம்4-ஐவிடக் கூட. அப்படியும் கடையின் 2,000 டாலர் துப்பாக்கியைவிடக் குறைவு.

இரண்டு ஸ்க்ரூவும் ஒரு ஏழு பல் போல்ட்டும்

அப்படியானால் மலிவுத் துப்பாக்கியே போதுமா? இங்கேதான் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியைத் திறந்து, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் எஃகுத் துண்டை வெளியே எடுங்கள். போல்ட் கேரியர் என்பது அதுதான். அதன் முதுகில் சின்னக் குழாய் மாதிரி ஒரு துண்டு இரண்டு ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருக்கும். சுடும்போது குழலிலிருந்து திரும்பி வரும் வெப்ப வாயு இதன் வழியாகத்தான் உள்ளே நுழைந்து கேரியரைப் பின்னே தள்ளுகிறது. அந்த இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று இளகினாலும் வாயு கசியும், கேரியர் முழுத் தூரம் போகாது, அடுத்த தோட்டா ஏறாது. அதனால் ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு, பக்கத்து உலோகத்தை உளி போன்ற கருவியால் அழுத்தி ஸ்க்ரூத் தலைக்குள் நன்றாகப் பதித்துவிட வேண்டும். அப்புறம் அது நகரவே நகராது. வேலை சில நொடிதான். மலிவுத் துப்பாக்கிகளில் சிலவற்றில் இந்தப் பதிப்பு வெறும் கீறலாக இருக்கும். நல்ல துப்பாக்கியில் உலோகம் பிதுங்கி ஸ்க்ரூவைக் கவ்வியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து போல்ட். அதன் தலையைச் சுற்றி ஏழு பற்கள். வெடிக்கும்போது வரும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது இவைதான். உடைந்தால் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் உடையும்: வெற்றுத் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் பக்கத்துப் பல்லிலோ, நடுவில் குறுக்கே ஓர் எஃகு ஆணி செல்லும் துளை இருக்கும் மெல்லிய இடத்திலோ. ராணுவ வரையறை இதற்குக் கார்பென்டர் 158 என்ற எஃகைச் சொல்கிறது. செய்து முடித்ததும் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா ஒன்றைச் சுட்டு, பிறகு போல்ட்டைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றிப் புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். மயிரிழை விரிசல் இருந்தால் துகள்கள் அங்கே கூடி ஒளிரும். விலை கூடிய நிறுவனங்கள் ஒவ்வொரு போல்ட்டையும் இப்படிப் பார்க்கின்றன. மலிவு நிறுவனங்களில் சில, ஒரு தொகுதிக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும், சில பார்ப்பதே இல்லை.

என் கணக்கில் 500 டாலரிலிருந்து 1,000 டாலருக்கு ஏறும்போது வாங்குவது முக்கியமாக இதைத்தான். உலோகம் பெரிதாக மாறுவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், சரியில்லாததைத் தூக்கிப் போட்டிருக்கிறார். மலிவுத் துப்பாக்கியும் பத்தில் ஒன்பது நன்றாகவே சுடும். பத்தாவது துப்பாக்கி உங்கள் கையில் வராமலிருக்கத்தான் அந்தக் கூடுதல் காசு. வந்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன, நல்ல போல்ட் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டாலும் 100 டாலருக்குள் அல்லது அதை ஒட்டி முடிந்துவிடும். பாகங்கள் பொருந்தும் துப்பாக்கி என்பதன் வசதி இது.

குழலில் கதை கொஞ்சம் வேறு. 2,000 டாலர் துப்பாக்கிகளின் பெரிய விளம்பரம், 'குளிர்நிலையில் சுத்தியலால் அடித்த குழல்' என்பது. குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரியைத் தலைகீழாகச் செதுக்கிய தண்டு ஒன்றைக் குழலுக்குள் விட்டு, வெளியிலிருந்து எந்திரச் சுத்தியல்களால் அடித்து, அந்த வரியை உள்ளே பதிய வைப்பார்கள். ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிகளுக்காகப் பிறந்த முறை. எந்திரத்தின் விலை எக்கச்சக்கம். ஜார்ஜியாவின் பிளாக் கிரீக்கில் உள்ள டேனியல் டிஃபன்ஸ் சொந்தமாக வைத்திருக்கிறது. இப்படி அடித்து, உள்ளே குரோமியம் பூசிய குழல் சூட்டையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் குறி துல்லியம் அதனால் கூடாது. குரோமியப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படியாததால் துல்லியம் ஒரு பொட்டு குறையவும் செய்யலாம். மலிவுத் துப்பாக்கிகளில் பூச்சுக்குப் பதில் நைட்ரைடு முறையில் எஃகின் மேல்தோலையே கடினமாக்குகிறார்கள். செலவு குறைவு, துரு எளிதில் பிடிக்காது, துல்லியமும் கெடாது. தொடர்ந்து விடாமல் சுட்டுக் குழலைப் பழுக்கக் காய்ச்சினால்தான் குரோமியம் ஜெயிக்கும். சனிக்கிழமை காலை இரண்டு மேகசின் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த ஜெயிப்பு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

1,000-க்கு மேலே

1,000 டாலரைத் தாண்டிய பிறகு கிடைப்பவை பெரும்பாலும் கைக்குச் சுகமான விஷயங்கள். இரண்டு பக்கமும் வைத்த சேஃப்டி, இடதுகைக்காரருக்கு எட்டும் பொத்தான்கள், எடை குறைந்த முன்கைப்பிடி, கூழாங்கல் வைத்து இழுப்பது போல் கரகரக்காத டிரிகர். ஃபுளோரிடாவின் டைட்டஸ்வில்லில் உள்ள நைட்ஸ் ஆர்மமென்ட் இதற்கு மேல் ஒரு படி. ஸ்டோனர் தன் கடைசிக் காலத்தில் வேலை செய்த இடம் அது. தங்கள் எஸ்ஆர்-15 ரைஃபிளில் அவர்கள் போல்ட்டின் பற்களையே உருண்டை விளிம்போடு மாற்றி வடிவமைத்தார்கள், உடையும் இடத்தைக் குறைக்க. நல்ல பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த போல்ட்டுக்கு ஏற்ற குழலும் அவர்களிடமே வாங்க வேண்டும். எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் என்ற ஏஆர்-15-இன் பெரிய லாபத்தை விட்டுக்கொடுக்கத்தான் அதிகக் காசு கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம்.

மேல்தட்டு வசதிகள் கீழே இறங்கும் வேகமும் கவனிக்க வேண்டியது. குழலைத் தொடாமல் மிதக்கும் நீண்ட முன்கைப்பிடியும், வாயு கொஞ்சம் தள்ளிப் பிரியும் நடுத்தர நீள வாயு அமைப்பும் ஒரு காலத்தில் விலை கூடிய துப்பாக்கிகளின் அடையாளம். ஸ்மித் அண்ட் வெசனின் ஸ்போர்ட் 2 மாடலில் இரண்டும் இல்லை. 2024-இல் வந்த ஸ்போர்ட் 3-இல் இரண்டும் இருக்கின்றன, அச்சிட்ட விலை 799 டாலர். பத்து வருடம் முன்பு இவற்றுக்காக 1,300 டாலர் கொடுத்தவர் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது, முன்கூட்டியே வாங்கினார், அவ்வளவுதான். ஆனால் இன்று அதே காரணம் சொல்லி 1,300 கேட்பவரிடம் பேரம் பேசலாம்.

புதுசு என்றால் விலை கூடத்தான் இருக்கும், இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ரூகர் நிறுவனத்தின் கதை நல்ல மருந்து. 2009-இல் அவர்கள் முதல்முறை ஏஆர் சந்தைக்கு வந்தபோது எஸ்ஆர்-556 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். ஸ்டோனரின் முறையில் வாயு நேராக உள்ளே போய் அழுக்கைக் கொட்டுகிறது என்பது பழைய குறை. அதைத் தீர்க்க ரூகர் முன்னால் ஒரு பிஸ்டன் வைத்தது; வாயு உள்ளே வராமல் அங்கேயே ஒரு தண்டைத் தள்ளும். அச்சிட்ட விலை 1,995 டாலர். அந்தக் காலத்தில் பிஸ்டன் என்றாலே எதிர்காலம் என்று பேசினார்கள். ஐந்தே வருடம். 2014-இல் அதே ரூகர், பிஸ்டனைத் தூக்கி எறிந்துவிட்டு, ஸ்டோனரின் பழைய நேரடி வாயு முறையிலேயே ஏஆர்-556 என்ற துப்பாக்கியை 749 டாலருக்கு விட்டது. ஓஹோ என்று விற்றது அதுதான். பிஸ்டன் துப்பாக்கி சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்தது.

ஏன் தோற்றது? பிஸ்டன் உள்ளே சுத்தமாக வைக்கிறது என்பது நிஜம். ஆனால் முன்பக்கம் எடை கூடுகிறது, பாகங்கள் அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கின்றன. 16 அங்குலக் குழலில் ஸ்டோனரின் முறை எண்ணெய் போட்டு வைத்தால் ஆயிரக்கணக்கில் சுட்டும் நிற்காது. அதாவது, அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினையே பெரிதாக இல்லை. மிகக் குட்டைக் குழலிலும் சத்தம் குறைப்பான் மாட்டிய துப்பாக்கியிலும்தான் பிஸ்டன் தன் விலைக்கு வேலை செய்கிறது.

புதுத் தோட்டாக்களும் இதே ரகம். .224 வால்கிரி என்று ஒன்று 2017-இல் பெரிய ஆரவாரத்தோடு வந்தது, இன்று அதைத் தேடித்தான் வாங்க வேண்டும். அமெரிக்க ராணுவம் 2022-இல் தேர்ந்தெடுத்த 6.8 மில்லிமீட்டர் துப்பாக்கியின் பொதுமக்கள் பதிப்பான சிக் எம்சிஎக்ஸ் ஸ்பியர் 4,000 டாலரை ஒட்டி விற்கிறது. கவச உடையைத் துளைக்க வேண்டும் என்ற ராணுவத் தேவைக்காகப் பிறந்த பொருள் அது. தாள் இலக்குக்கும் காட்டுப் பன்றிக்கும் அந்தத் தேவை கிடையாது.

தோட்டாக் கணக்கு

விலை பற்றிய விவாதங்களில் பலர் போடாமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. ஏஆர்-15-இல் போடும் சாதாரண 5.56 தோட்டா ஒன்று நல்ல காலத்தில் 40 முதல் 60 சென்ட் வரை. 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ராணுவ பாணிக் குழல் ஒன்று தேயும்வரை 10,000 தோட்டா சுடுகிறீர்கள் என்றால் 5,000 டாலர் தோட்டாவுக்கே போகிறது. அதன் முன்னால் துப்பாக்கியின் 600-க்கும் 1,200-க்கும் உள்ள இடைவெளி சின்னது. நிறையச் சுடுகிறவருக்கு விலை கூடிய துப்பாக்கி மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் காட்டாது, உடையாமல் ஓடுவதில் வித்தியாசம் காட்டும். வருடத்துக்கு 200 தோட்டா சுடுகிறவருக்கு எதிர்மாறு. அவர் ஆயுள் முழுக்கச் சுட்டாலும் மலிவுக் குழலையே தேய்க்கப் போவதில்லை. அவர் கொடுக்கும் கூடுதல் 1,000 டாலரால் நன்றாக 2,000 தோட்டா வாங்கியிருக்கலாம். குறி பார்க்கும் கை அதில் எவ்வளவோ தேறியிருக்கும்.

துல்லியத்திலும் தோட்டாதான் எஜமான். 100 கஜத்தில் சுமார் 1 அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழுந்தால் அதை ஒரு எம்ஓஏ என்பார்கள். விலை கூடிய துப்பாக்கிகள் பல இதை உத்தரவாதமாகவே எழுதித் தருகின்றன. ஆனால் கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) ராணுவ பாணித் தோட்டா, எந்தத் துப்பாக்கியில் போட்டாலும் 2 அல்லது 3 அங்குலத்துக்குத்தான் வரும். அதே நேரம் 77 கிரெயின் போட்டித் தோட்டாவைப் போட்டால் 700 டாலர் துப்பாக்கி, சாதாரணத் தோட்டா போட்ட 2,000 டாலர் துப்பாக்கியை முந்திவிடும். மூன்று குண்டு சுட்டு நாணய அளவில் விழுந்ததைப் படம் பிடித்துப் போடுபவர்களை நம்பவும் வேண்டாம். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தாலும் சேர்ந்து விழும். பத்து குண்டு சுட்டுக் காட்டச் சொன்னால் வட்டம் தானாகப் பெரிதாகும்.

உண்மையில் துல்லியத்துக்காகக் காசு கொடுக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஒஹாயோவின் கேம்ப் பெர்ரிக்குப் போக வேண்டும். அங்கே நடக்கும் தேசியப் போட்டிகளில் 600 கஜத்திலிருந்து சுடுகிறார்கள். 1990-களில் பழைய எம்14 துப்பாக்கிகளை ஏஆர்-15 அங்கிருந்து ஓரம் கட்டியது. அவர்கள் பிராண்டுப் பெயரைப் பார்ப்பதில்லை. சாதாரண கீழ்பாகம் ஒன்றில், தனியாகச் செய்வித்த 20 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழல், நல்ல டிரிகர், மிதக்கும் முன்கைப்பிடி. மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சரி. அந்தக் குழலும் சில ஆயிரம் தோட்டாவில் தேயும், கழற்றி மாற்றுவார்கள். காசு எங்கே கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கொடுக்கும் இடம் இதுதான்.

விலையில் கலந்திருக்கும் பயமும் பெயரும்

இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் வைத்து இந்த விலையைப் புரிந்துகொள்ள முடியாது. 2012 டிசம்பர் 14-ஆம் தேதி சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் ஏஆர் வகைத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். தடை வரப்போகிறது என்ற பயத்தில் அடுத்த சில வாரங்களில் மக்கள் வாங்கிக் குவித்தார்கள், விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை, விலை மட்டும் மாறியது. 2016-இல் டிரம்ப் ஜெயித்ததும் தடை பயம் போய்விட்டது, விலை சரிந்தது. துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 2018-இல் திவாலானது. 2019 செப்டம்பரில் கோல்ட், சந்தையில் சரக்கு குவிந்து கிடக்கிறது என்று சொல்லி, பொதுமக்களுக்கான ஏஆர் தயாரிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தது. 2020-இல் கொரோனாவும் கலவரங்களும் தேர்தலும் சேர்ந்து வந்தன. துப்பாக்கி வாங்குகிறவர்களைப் பற்றிய கூட்டாட்சிப் பின்னணிச் சோதனைகள் அந்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி. தோட்டா ஒன்று 1 டாலர் வரை போனது. ஆக 1,200 டாலர் துப்பாக்கி என்றால், எந்த வருடத்து 1,200 என்று கேட்க வேண்டும்.

பெயரின் விலையும் இருக்கிறது. 2022 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் குழு ஒன்று நடத்திய விசாரணையில், ஐந்து நிறுவனங்கள் பத்தாண்டுகளில் இந்த வகைத் துப்பாக்கிகளில் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது தெரியவந்தது. சிறப்புப் படை வீரர்கள் தூக்கிக்கொண்டு போகும் துப்பாக்கி உங்கள் கையிலும் என்ற தொனியிலான விளம்பரங்களையும் அந்தக் குழு கேள்வி கேட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 24 அன்று, டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்ற 18 வயதுப் பையன் வாங்கியிருந்தது 2,000 டாலரை ஒட்டிய டேனியல் டிஃபன்ஸ் துப்பாக்கி. மேல்தட்டு விலையில் எவ்வளவு பங்கு பொறியியலுக்கு, எவ்வளவு பங்கு அந்த வீரர் வேஷத்துக்கு என்று நிறுவனங்கள் கணக்குக் காட்டப் போவதில்லை. ஆனால் சுத்தியலில் அடித்த குழலுக்காக மட்டும் யாரும் தவணை முறையில் கடன் வாங்குவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்னதாக வரியும் உண்டு. ரைஃபிள் தயாரிப்பாளர் தன் விற்பனை விலையில் 11 சதவீதம் கூட்டாட்சி அரசுக்குக் கட்ட வேண்டும். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. விலை கூடிய துப்பாக்கி வாங்குகிறவர் மான்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்.

யாருக்கு எது என்றால்: பழக, எப்போதாவது சுட, 700-லிருந்து 900 டாலருக்குள் பெரிய நிறுவனத்தின் துப்பாக்கி. மிச்சப்படும் காசு ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும். டிரிகர் கரகரத்தால் 100 டாலரை ஒட்டி நல்லது கிடைக்கிறது. பயிற்சி வகுப்புகளுக்குப் போய் ஒரே வாரக் கடைசியில் ஆயிரம் தோட்டா சுடுகிறவர், பண்ணையில் பன்றி வேட்டைக்குத் தினமும் எடுத்துப் போகிறவர் 1,200 பக்கம் போகலாம், அந்தச் சோதனைகளுக்குக் கொடுக்கும் காசு அவருக்குத் திரும்ப வரும். போட்டிக்காரர் குழலுக்குச் செலவழிக்கட்டும். 2,000-க்கு மேல் வாங்குகிறவர் பிடித்திருக்கிறது என்று வாங்குகிறார். அதில் தப்பில்லை, ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் தேட வேண்டாம்.

இந்தக் கணக்கைச் சீக்கிரமே மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. 1934 முதல் சத்தம் குறைப்பான் வாங்க 200 டாலர் கூட்டாட்சி வரி கட்ட வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். குறைப்பானை மாட்டினால் வாயு அதிகமாகப் பின்னே தள்ளும், சுடுகிறவரின் முகத்தில் புகை அடிக்கும், பாகங்கள் சீக்கிரம் தேயும். வாயுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் பிஸ்டனும் அப்போதுதான் நிஜமாக உதவும். குறைப்பான்கள் பரவலானால், இன்று வீண் என்று சொல்லும் சில புதுத் துப்பாக்கிகளின் விலைக்கு நியாயம் பிறக்கலாம். வழக்கம்போல அந்த வசதியும் சில வருடத்தில் 800 டாலர் துப்பாக்கிக்கு இறங்கி வரும், அவசரமில்லாதவர் அதுவரை காத்திருக்கலாம்.